வேற கரண்டுச் சாமான்

அந்த மெசினின் நிறம் நீலம் என்று உசனார் சொல்வார். நஸீறாவுக்கு அது சாம்பல். வீட்டில் முதன்முதலாக அதை அவளுடைய மடியில் வைத்தது இரண்டாயிரத்து ஆறின் கடைசியிலா, ஏழின் தொடக்கத்திலா என்பதிலும் இருவருக்கும் ஒத்துவராது. அன்றைக்கு மழை பெய்தது என்பாள் அவள். மழையில்லை, வானத்தில் வேறு சத்தம் இருந்தது, அதைத்தான் நீ மழையென்று வைத்திருக்கிறாய் என்பார் அவர். யாருடைய ஞாபகம் சரியென்று அடித்துச் சொல்ல இப்போது யாரும் இல்லை. நஸீறாவின் ஞாபகத்தை எடுத்துக்கொள்ளலாம். மூச்சு அவளுடையதுதானே.

அவளுக்கு மறக்காமல் இருப்பது சூடு. கட்டிலின் ஓரத்தில் குனிந்து உட்கார்ந்திருக்கிறாள். மூக்கையும் வாயையும் மூடிய பிளாஸ்டிக் மூடி. அதிலிருந்து இறங்கும் குழாய் குட்டையானது என்பதால் மெசினை மடியிலேயே வைத்திருக்க வேண்டும். மெசின் காற்றை இழுத்து ஒரு சின்னக் கோப்பைக்குள் ஊதும். கோப்பையிலிருக்கும் மருந்து புகைபோன்ற புகாராகி அவளுடைய நெஞ்சுக்குள் போகும். நெஞ்சுக்குள் யாரோ இறுக்கிக் கட்டிய முடிச்சு மெல்ல மெல்ல இளகும். ஆனால் முடிச்சு இளகுவதற்கு முன்பே தொடை சுடத் தொடங்கிவிட்டது. சீலையைத் தாண்டி, உள்பாவாடையைத் தாண்டிச் சுட்டது. உசனார் கரண்டுச் செருகியைப் பிடித்தபடி சுவரோரம் நின்றார். அவருடைய கண் அவளில் இல்லை, மெசின் பெட்டியில் இருந்தது. மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். பிறகு செருகியைப் படக்கென்று பிடுங்கினார். புகார் நின்றுபோயிற்று. பாதி மூச்சோடு அவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள்.

அந்தப் பெட்டி ஆற்றங்கரையில் கட்டியிருந்த படகிலிருந்து வந்தது. அவர்களுடைய ஊரான காங்கேயனோடையில் வாவியை யாரும் வாவி என்பதில்லை, ஆறு என்பதுதான் வழக்கம். சுனாமிக்கு அடுத்த வருசம், ஆற்றுக்கு அங்காலுள்ள படுவான்கரைக் கிராமங்களுக்கு டொக்டரை ஏற்றிப் போவதற்கென்று அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்து இறக்கிய வெள்ளைப் படகு அது. நடுவில் ஒரு அறை. அறைக்குள் சின்ன ப்ரிஜ், சுவரில் ஒரு ஃபேன், ஒரு மணிக்கூடு, மருந்துப் புகார் அடிக்கும் இந்த மெசின். எல்லாம் அந்த நாட்டுக் கரண்டுக்குச் செய்தவை. படகின் ஜெனரேற்றரும் அந்த நாட்டுச் சாமான் என்பதால் உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று ஒத்துப்போயின. “படகுக்குள்ள அமெரிக்கா, வெளியில காங்கேயனோட” என்று உசனார் சொல்லிச் சிரிப்பார். அவரை அந்தப் படகுக்குப் பொறுப்பாக வைத்ததற்குக் காரணம் இருந்தது. பல வருசம் ஜித்தாவில் பணக்காரர்களின் உல்லாசப் படகுகளுக்குக் கரண்டு வேலை பார்த்தவர். அவர் ஜித்தாவில் இருந்தபோதுதான் பாலமுனைக் கரையில் அவருடைய முதல் மனைவி ஸஹீதாவைக் கடல் கொண்டுபோனது. வந்து பார்த்தபோது வீட்டின் அத்திவாரம்கூட மணலுக்குள் கிடந்தது.

அதே கரையில், அதே காலையில், நஸீறாவின் முதல் புருசன் முகைதீன்பாவாவும் போனார். நஸீறா ஒரு வேலிக்கம்பியில் சிக்கிப் பிழைத்தாள். குடித்த உப்புத் தண்ணீரும் சேறும் நெஞ்சிலேயே தங்கிவிட்டதோ என்னவோ, அதற்குப் பிறகு மூச்சிழுக்கும் தொய்வு நோய் அவளை விடவில்லை. படகு வந்த புதிதில் அவளை அதில் ஏற்றி, வெள்ளைக்கார டொக்டரம்மா இந்தப் புகாரைப் பிடிக்க வைத்திருக்கிறார். அன்றைக்கு ஜெனரேற்றரை இயக்கிவிட்டுப் படகின் பின்பக்கம் திரும்பி நின்றவர் உசனார். அந்தப் பெண்ணின் முகத்தை அவர் பார்க்கவில்லை. அவளுடைய மூச்சின் சத்தத்தைத்தான் முதலில் அறிந்துகொண்டார்.

அவளுக்கும் அவருக்கும் பள்ளிவாசல்காரர்கள் பேசி முடித்துவைத்த கலியாணம். இழந்தவர்களை இழந்தவர்களோடு சேர்த்துவைத்த காலம் அது. அந்தப் பக்கத்து வழக்கப்படி வீடு பெண்ணுடையது, ஆண்தான் அங்கே போய் வாழ வேண்டும். உசனார் ஒரு பையோடு வந்தார். வந்தவர் வந்தவராகவே இருந்தார். வாசலுக்குப் பக்கத்துக் கதிரையில் விருந்தாளி போல உட்காருவார். அறைக்குள் வருவதற்கு முன் செருமுவார். தண்ணீர் வேண்டுமென்றாலும் கேட்கமாட்டார், குடத்தைப் பார்ப்பார். இரவுச் சோறு முடிந்ததும் படகுக்குக் காவல் வேண்டும் என்று எழுந்து ஆற்றங்கரைக்குப் போய்விடுவார். சண்டை திரும்பத் தொடங்கி, வெளிநாட்டுக்காரர்கள் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டுக் கொழும்புக்குப் போன பிறகு, ஆற்றில் இயந்திரப் படகு ஓடவே கூடாது என்றாகிவிட்டது. ஓடாத படகுக்கு என்ன காவல் என்று நஸீறா கேட்கவில்லை. கேட்டால் அவர் வந்துவிடுவாரோ என்ற பயமும் அவளுக்கு இருந்தது. வராமல் விட்டுவிடுவாரோ என்ற பயமும் இருந்தது. ஊர் முழுக்க, கண்ட இடத்திலெல்லாம், சந்தோசமாக இரிக்கீங்களா என்று கேட்டு அமுக்கியது. அந்தக் கேள்விக்கு முன்னால் இருவரும் ஒரே மாதிரித் தலையைக் குனிந்துகொண்டார்கள். அவர்களுக்குள் ஒத்துப்போன முதல் விசயம் அதுவாகத்தான் இருக்கும்.

நஸீறாவின் தாய் ஆமினா உம்மா மட்டும் கேட்டாள். மகளிடமல்ல, மருமகன் காதில் விழும்படி அடுப்பிடம்.

“கலியாணம் முடிச்சது என்ட மகளையா, அந்தத் தோணியையா எண்டு ஒருக்காக் கேட்டுச் சொல்லன்கா.”

டீசல் தட்டுப்பாடு வந்து ஜெனரேற்றர் நின்றதும், படகுக்குள்ளிருந்த சாமான்கள் செத்துப்போகாமல் இருக்க உசனார் ஒரு வழி பண்ணினார். வீட்டுக் குசினி ஜன்னலிலிருந்து ஒரு செம்மஞ்சள் வயரை வேலிக்கு மேலால் இழுத்து, ஆற்றோரக் கண்டல் பற்றைகளுக்குள்ளால் படகுவரை கொண்டுபோனார். குசினிப் பக்கத்து நுனியில் ஜித்தாவிலிருந்து கொண்டுவந்த ட்ரான்ஸ்போமர். ஊரில் சவூதிச் சாமான் வைத்திருக்கும் எல்லா வீட்டிலும் இருக்கிற கனத்த இரும்புப் பெட்டிதான். இருநூற்று முப்பது வோல்ட்டை நூற்றிப்பத்தாக்கித் தரும். அதோடு எல்லாம் சரி என்றுதான் அவரும் நினைத்தார். ஃபேன் சுற்றியது, கொஞ்சம் சோம்பலாக. மணிக்கூடு ஓடியது, ஆனால் ஒவ்வொரு மணித்தியாலத்துக்கும் பத்து நிமிடம் பின்னால் நின்றது. ப்ரிஜ் உறுமிக்கொண்டு கிடந்தது. பிறகொரு நாள் எரிந்த நாற்றத்தை விட்டுவிட்டு அடங்கிப்போனது. அன்றைக்கு அவர் சோறு தின்னவில்லை.

“இரும்புப் பொட்டி போட்டாச்சே, பொறகென்ன நோவு அதுக்கு?” என்றாள் ஆமினா உம்மா.

“பொட்டி கரண்டுட அமுக்கத்தத்தான் மாமி குறைக்கும். துடிப்ப மாத்தாது. அந்த நாட்டுக் கரண்டு ஒரு செக்கனுக்கு அறுவது சைக்கிள். நம்மட அம்பது.”

“சைக்கிளோ? அப்ப அந்த அறுவதுல ஒண்ட எனக்குத் தாங்க மகன். ஆரையம்பதிச் சந்தைக்கு நடந்து காலெல்லாம் போச்சு.”

உசனார் சிரிக்கவில்லை. ஜித்தாவில் சாமானும் அறுபது, சுவரில் வருவதும் அறுபது. துடிப்பைப் பற்றி யோசிக்க அங்கே அவசியமே வந்ததில்லை. ட்ரான்ஸ்போமர் போட்டால் போதும் என்று கைக்குப் பழகியிருந்தது. கையின் பழக்கத்தில் ஒரு ப்ரிஜ் போயிற்று. புகார் மெசின் மிச்சமிருந்தது. அதை அவர் துணியில் சுற்றி வைத்தார், கரண்டில் கொழுவவே இல்லை.

ஊரடங்கு போட்ட அந்த முற்பகலில் கொழுவ வேண்டி வந்தது. ஆஸ்பத்திரி தூரமில்லை, ஆனால் ஓட்டோ ஓடவில்லை. சந்தியில் நின்ற ஆமிக்காரர்கள் யாரையும் நடக்கவும் விடவில்லை. நஸீறாவின் உதடு நிறம் மாறுவதைக் கண்டுவிட்டு ஆமினா உம்மா வேலியடியில் நின்று கத்த, உசனார் படகிலிருந்து பெட்டியை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஓடிவந்தார். அப்போதுதான் அந்தச் சூடும், அந்தப் படக்கென்ற பிடுங்கலும்.

செருகியைப் பிடுங்கியவர் பனையோலை விசிறியை எடுத்தார். பெட்டிக்கு வீசத் தொடங்கினார்.

“அல்லாவே!” என்று ஆமினா உம்மா தலையில் கைவைத்தாள். “பொண்டாட்டி மூச்சுக்கு இழுக்கா, இந்த மனிசன் மெசினுக்கு வீசுறாரு!”

அவர் வீசிக்கொண்டே இருந்தார். பெட்டியின் முதுகில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். வீசினார். பிறகு கொழுவினார். கொஞ்சம் புகார் வந்தது. மறுபடி சூடு, மறுபடி பிடுங்கல். துண்டு துண்டாக மூச்சைக் கொடுத்து அன்றைக்கு அவளை இந்தப் பக்கம் இழுத்தெடுத்தார். முடிந்ததும் பெட்டியைத் துணியால் துடைத்து அலமாரியில் வைத்துவிட்டு, கதவு நிலையைப் பார்த்துச் சொன்னார்:

“இன்னும் நாலஞ்சு தரம் தாங்கினாப் பெரிய காரியம். கடுமையா வந்தா மட்டும் எடுப்பம் புள்ள.”

அதற்குப் பிறகு நஸீறா மூச்சை ஒளிக்கக் கற்றுக்கொண்டாள். இழுப்பு வரும்போது குசினிக்குள் போய் உரலைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். வாயைத் திறந்தால் சத்தம் கேட்கும் என்று மூக்கால் கொஞ்சம் கொஞ்சமாக எடுப்பாள். பெட்டி செலவழிந்துவிடக் கூடாது. அவளுக்குள் இருந்தது சாவுப்பயமா என்று பின்னாளில் யோசித்துப் பார்த்திருக்கிறாள். அதுவுமல்ல. பெட்டி எரிந்துபோனால் அந்த நாற்றத்தை அந்த மனிதர் இன்னொருதரம் மூக்கால் உறிஞ்ச வேண்டிவரும். ப்ரிஜ் எரிந்த அன்று அவர் முகம் இருந்த இருப்பு அவளுக்குத் தெரியும். தொலைவில் இருந்தபடி ஒன்றை இழந்தவர் அவர். இப்போது பக்கத்தில் நின்றுகொண்டே இழக்க வேண்டுமா?

ஒருநாள் அவர் மஃரிப் தொழப் போயிருந்தபோது ஒளிக்க முடியாமல் வந்தது. உரலும் உதவவில்லை. தாயைக் கூப்பிடவும் மூச்சில்லை. தானே பெட்டியை எடுத்து, மருந்தை ஊற்றி, கொழுவி, மடியில் வைத்துக்கொண்டு சூட்டுக்காகக் காத்திருந்தாள். ஊரில் எல்லா வீட்டிலும் லைட் போடும் நேரம். வழக்கம்போல் குண்டு பல்ப் பழுத்த மாம்பழ நிறத்துக்கு மங்கிப்போயிருந்தது. பெட்டியின் சத்தமும் அதேபோல மங்கலாக, தூக்கத்தில் முனகும் குழந்தையின் சத்தமாக இருந்தது. புகார் மெல்லிசாக வந்தது. சூடு வரவில்லை. மருந்து தீரும்வரை வரவில்லை. தொடையில் இருந்தது இளஞ்சூடுதான், ஒரு பூனை படுத்திருந்தால் இருக்குமே, அவ்வளவு. மறுநாள் மாலை, தேவையில்லாதபோதும், வெறும் உப்புத் தண்ணீரை ஊற்றிப் போட்டுப் பார்த்தாள். அப்போதும் பூனைதான்.

விடிந்ததும் அவர் தேத்தண்ணீர் குடிக்க வந்தபோது சொன்னாள்.

“இஞ்சாருங்க, மஃரிப் நேரம் அது சுடல்ல.”

“சுடாம இரிக்காது.”

“எண்ட மடிலதான இரிந்த? உங்கட மடிலயா இரிந்த?”

அவர் கோப்பையைக் கீழே வைத்தார். அவள் இவ்வளவு கூராகப் பேசி அவர் கேட்டதில்லை. கலியாணம் முடிந்த பிறகு அவளே தன் குரலை அப்படிக் கேட்டதில்லை. அவர் கோப்பைக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். தேத்தண்ணீர் ஆடை கட்டியது.

அன்று மாலை தொழுகை முடிந்ததும் சந்தியில் நிற்காமல் நேரே வந்தார். பல்ப் மாம்பழமாகியிருந்தது. சுவர்த் துளையில் கரண்டு பார்க்கும் மீட்டரின் இரண்டு கம்பிகளையும் விட்டுப் பார்த்தார், பிறகு ட்ரான்ஸ்போமரில் பார்த்தார். பெட்டியை இயக்கி அவளுடைய மடியில் வைத்துவிட்டு, அதன் முதுகில் உள்ளங்கையை வைத்தார். வைத்தபடியே இருந்தார். முற்றத்தில் கோழிகள் அடைந்தன. ஆற்றுக்கு அங்கால் எங்கோ இடித்தது. அவர் கையை எடுக்கவில்லை. பிறகு ஒரு சத்தம் வந்தது. இருமுகிறார் என்று நினைத்து அவள் திரும்பினாள். சிரித்துக்கொண்டிருந்தார். அந்த வீட்டில் அவர் முதன்முதலாகச் சிரித்தது அன்றைக்குத்தான்.

“கரண்டு குறைஞ்சு போய்க் கிடக்கு புள்ள. ட்ரான்ஸ்போமர்ப் பொட்டிக்குள்ளால நூறுகூட வருகுதில்ல. நான் மடையன், நூத்திப்பத்து நூத்திப்பத்தெண்டு குடுத்துக்கிட்டே இரிந்தன். துடிப்பு மெதுவாயிட்டெண்டா அமுக்கத்தயும் அதுக்கேத்த மாதிரிக் குறைக்கணும். இல்லாட்டி உள்ளுக்க இரிக்கிற சுருள் தாங்காமக் குடிக்கும். குடிக்கிறதெல்லாம் சூடாத்தான் வரும்.”

“குறைச்சுக் குடுத்தாக் காணுமா? ஓடுமா?”

“ஓடும். மெதுவா ஓடும். மெதுவா ஓடினா என்ன?”

அவள் மடியிலிருந்த பெட்டியைப் பார்த்தாள்.

“அப்ப அந்த ப்ரிஜ்?”

சிரிப்பு நின்றது. “அதையும் நான்தான் கூடக் குடுத்துச் சாவடிச்சிட்டன்” என்றார். சொன்ன விதத்தில் ப்ரிஜ் மட்டும் இருக்கவில்லை, ஸஹீதாவும் இருந்தாள் என்று அவளுக்குப் பட்டது. பெட்டியின் மேலிருந்த அவருடைய கையை நகர்த்தும்படி அவள் சொல்லவில்லை.

அடுத்த நாள் முன்விறாந்தையில் பாய் விரித்து ட்ரான்ஸ்போமரைக் கழற்றினார். குறைந்த கரண்டு வருகிற பக்கத்துச் செப்புக் கம்பி வெளிச் சுற்றாக இருந்தது. அதில் கொஞ்சத்தை அவிழ்த்துவிட்டால் அமுக்கம் குறையும். அவிழ்க்கிற கம்பி முறுகக் கூடாது, மேல்பூச்சு உரியவும் கூடாது, பிறகு தேவைப்படும். அவர் தனியே அவிழ்த்துத் திணறுவதைப் பார்த்துக்கொண்டிருந்த நஸீறா வந்து எதிரே உட்கார்ந்தாள். அவளுடைய வாப்பா காத்தான்குடியில் தறி வைத்திருந்தவர். நூலை எங்கே இறுக்கி எங்கே விட வேண்டும் என்பது அவள் விரலுக்குத் தெரியும். வெறும் நூல்கட்டை ஒன்றை எடுத்துக் கம்பியை அதில் வாங்கத் தொடங்கினாள். அவர் ஒரு சுற்று விட, அவள் ஒரு சுற்று எடுத்தாள். கொஞ்சம் அவிழ்த்ததும் நிறுத்தி, கம்பியின் பூச்சைச் சுரண்டி, மீட்டரில் பார்த்து, தலையை ஆட்டினார். இன்னும் கொஞ்சம். கம்பி சூரியனில் மின்னி இருவருக்கும் நடுவில் நின்றது. அது தொய்யாமல் இருக்க வேண்டுமென்றால் இருவரும் ஒரே வேகத்தில் கையசைக்க வேண்டும். முதலில் சிக்கியது. பிறகு சிக்கவில்லை.

“கம்பியில சாறன் நெய்றீங்களோ?” குசினியிலிருந்து ஆமினா உம்மாவின் குரல் வந்தது. “நெய்ற கையோட எனக்கொரு சீலையும் நெய்ங்க. கறுப்புக் கரை போட்டு.”

“நிறம் செம்புதான் மாமி இரிக்கி” என்றார் உசனார்.

உள்ளே அகப்பைச் சத்தம் நின்றுபோயிற்று. மருமகன் திருப்பிப் பதில் சொன்னதை ஆமினா உம்மா நம்பமுடியாமல் நின்றிருக்க வேண்டும்.

அதற்குப் பிறகு வந்ததுதான் எல்லாவற்றிலும் மோசமான இழுப்பு. வடக்கே கதிரவெளிப் பக்கமிருந்தும் ஆற்றுக்கு அங்காலிருந்தும் சனங்கள் சண்டைக்குத் தப்பி வந்து பள்ளிக்கூடங்களில் நிரம்பியிருந்த நாட்கள். நடுப்பகல். கரண்டு முழு வேகத்தில் இருக்கிற நேரம், பல்ப் போட்டால் கண் கூசும். ஆற்றுக்கு மேலால் ஷெல் போகும்போதெல்லாம் கூரைத் தகரம் அதிர்ந்தது. நஸீறாவுக்கு உட்காரவும் முடியவில்லை. கடலுக்குள் தலைகீழாகச் சுழன்ற அந்தக் காலை நெஞ்சுக்குள் திரும்பி வந்தது. அவர் அவளுக்குப் பின்னால் கட்டிலில் ஏறி உட்கார்ந்து, முதுகைத் தன் நெஞ்சில் சாய்த்துக்கொண்டு, கையை அவளைச் சுற்றி நீட்டிப் பெட்டியை அவளுடைய மடியில் பிடித்தார். கொழுவியது ஆமினா உம்மா. பெட்டி முனகியது. மெல்லிய புகார். அவள் காத்திருந்தாள், உடம்பு முழுக்கக் காத்திருந்தது, சூட்டுக்கும் பிடுங்கலுக்கும். தகரம் அதிர்ந்தது. பெட்டி அதே முனகலில் இருந்தது. டொக்டரம்மாவின் படகில் இது வேகமாக முடிந்துவிடும். இங்கே முடியவில்லை, மெல்ல மெல்லப் போய்க்கொண்டே இருந்தது. அவ்வளவு நேரமும் அவர் அசையவில்லை. அவருடைய மூச்சு அவளுடைய பிடரியில் பட்டது. கொஞ்சம் கொஞ்சமாக அவளுடைய மூச்சு அதன் பின்னால் நடந்து, அதைப் பிடித்தது.

கோப்பை காலியானது. பெட்டியை நிறுத்திய பிறகும் அவர் எழும்பவில்லை. ஆமினா உம்மா செருகியைச் சுவரில் சாய்த்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு போனாள்.

நெடுநேரத்துக்குப் பிறகு நஸீறா மூடியைக் கழற்றினாள்.

“படகுல அந்த மணிக்கூடு ஓடுதா?”

“ஓடுது.”

“எடுத்திட்டு வாங்களன்.”

“அது பிழையான நேரந்தானே காட்டும்.”

“நேரத்துக்குப் பள்ளியில வாங்கு சொல்றது கேக்குது. அது அதுட பாட்டுக்கு ஓடட்டும்.”

அன்று பின்னேரம் உசனார் படகிலிருந்து மணிக்கூட்டையும் ஃபேனையும் தன் பாயையும் கொண்டுவந்தார். கண்டல் பற்றைக்குள் கிடந்த செம்மஞ்சள் வயரைச் சேறு துடைத்து, முழங்கைக்கும் பெருவிரலுக்கும் நடுவில் சுற்றிச் சுற்றி, குசினிச் சுவரில் மாட்டினார். அறைக்குள் வரும்போது செருமவில்லை.

கிழக்கில் சண்டைச் சத்தம் இரண்டாயிரத்து ஏழிலேயே ஓய்ந்தது. வன்னியில் இரண்டாயிரத்து ஒன்பதில் ஓய்ந்தது. படகின் சொந்தக்காரர்கள் திரும்பி வரவில்லை. யாரோ அனுப்பிய ஆட்கள் வந்து இயந்திரத்தையும் ஜெனரேற்றரையும் கழற்றிக்கொண்டு போனார்கள். படகின் உடம்பு ஆற்றங்கரைச் சேற்றில் பாதி புதைந்து கிடக்கிறது, நீர்க்காகங்கள் அதன் கூரையில் சிறகு காயவைக்கும். ஆமினா உம்மா பெருவெள்ளம் வந்த வருசம் மவுத்தானாள். உசனார் முன்விறாந்தையில் ஃபேனும் ப்ரிஜும் திருத்துகிறார். யார் வெளிநாட்டுச் சாமான் கொண்டுவந்தாலும் அதன் பின்பக்கத்துத் தகட்டில் எழுதியிருப்பதை முதலில் பார்ப்பார். அவர்களுக்குப் பிள்ளையில்லை. நஸீறாவின் தொய்வுக்கு இப்போது வாயில் வைத்து உறிஞ்சும் கைக்கடக்கமான பம்ப் இருக்கிறது. புகார் மெசின் கட்டிலுக்குக் கீழே துணி சுற்றி இருக்கிறது, இன்றும் கொழுவினால் முனகும்.

மணிக்கூடு ஹோல் சுவரில், அவிழ்த்த ட்ரான்ஸ்போமரில் ஓடுகிறது. பின்தங்கிப் பின்தங்கிப் போய், மூன்று நாளைக்கு ஒருதரம் அது சரியான நேரத்துக்கு வந்து நிற்கும். அப்படியொரு நாளில் அஸர் வாங்கு சொல்லும்போது விறாந்தையிலிருந்து உசனார், “புள்ள, ஓடி வா, நேரத்துக்கு வந்திட்டு” என்று கூப்பிடுவார். நஸீறா மீன் கழுவிய கையை உடம்பில் படாமல் தள்ளிப்பிடித்துக்கொண்டு வருவாள். முள் மறுபடியும் பின்தங்கத் தொடங்கும்வரைக்கும் இருவரும் அதற்கு முன்னால் நிற்பார்கள்.